மஞ்சள் ஏறிய ஏடு

மஞ்சள் பூசிக் குளித்த முகம் படத்தில் கரி பூசிய முகமாக வரும். இதைச் சொன்னால் அந்தக் காலத்தில் நம் பெண்கள் யாரும் நம்பமாட்டார்கள். போட்டோ எடுப்பது நல்ல காரியம் என்று நினைத்து, அன்றைக்கென்று இரண்டு பங்கு மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு, பளபளவென்று வந்து நாற்காலியில் உட்காருவார்கள். நாங்கள் வைத்திருந்த கண்ணாடிப் பிளேட்டுக்கோ நீலமும் வெள்ளையும்தான் கண்ணில் படும். மஞ்சள் அதற்கு இருட்டு. பிளேட்டைக் கழுவித் தாளில் படம் எடுத்துப் பார்த்தால் முகம் அடுப்புக்கரி. "எம்பொண்ண இப்படிக் காக்கா மாதிரி ஆக்கிட்டியே" என்று சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

ஹை ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், போட்டோ கடையில் எனக்கு 'டச்சிங்' உத்தியோகம். பிளேட்டின்மேல் கூரான பென்சிலால் தடவினால் படத்தில் அந்த இடம் வெளுக்கும். சின்னக் கத்தியால் சுரண்டினால் கறுக்கும். அவ்வளவுதான் வித்தை. பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பேன். கத்தியால் மீசையை அடர்த்தியாக்குவேன். கழுத்தில் சங்கிலி இல்லாதவர்களுக்குச் சங்கிலி போட்டுவிட்டிருக்கிறேன். பொய் சொல்லிப் பிழைத்தவன் என்று இன்று யாராவது என்னைச் சொன்னால் மறுக்கமாட்டேன். அன்றைக்கு அதைக் கைவேலை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

நான் எழுத வந்தது என் தங்கையின் கல்யாணத்தைப் பற்றி. இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்குமோ என்னவோ.

சிராங்கூன் ரோட்டில், சுண்ணாம்புக் கம்பம் என்ற குடியிருப்புப் பக்கம், மாட்டுக்கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அம்மா, நான், தங்கை. அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. தங்கைக்கு இருபத்துநாலு வயது. இன்றைக்கு இது ஒரு வயதே இல்லை. அன்றைக்கு அம்மா அந்த வயதை வெளியே சொல்லாமல் விழுங்கிவிடுவாள். வந்த வரன்கள் இரண்டு ஏதேதோ காரணம் சொல்லிப் போய்விட்டன. மூன்றாவதாக வந்தவரை எங்கள் மூன்று பேருக்குமே பிடித்திருந்தது.

அவர் டிராமில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தார். டிராம் ஓடத் தொடங்கிய புதிது. தங்கை தைத்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க அவ்வப்போது அதில் போவாள். எப்படிப் பழக்கம், எவ்வளவு பேச்சு என்று நான் கேட்கவில்லை. சிரிக்காத பெண் சிரிக்கத் தொடங்கியிருந்தாள், அது எனக்குப் போதும். ஆனி மாதக் கடைசியில் அவர் தன் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு முறைப்படி பெண் கேட்க வந்தார். தாய் தகப்பன் இல்லாத அவருக்கு அந்தப் பெரியப்பாதான் எல்லாம். தேக்கா பாசாரில், சந்தைக்குள், வெற்றிலைக் கடை வைத்திருந்தார். சொன்ன சொல் மாறாத மனிதர் என்று பெயர்.

பேச்சு நன்றாகத்தான் போனது. ஊர் பேசினார்கள், தஞ்சாவூர்ப் பக்கம் என்று இரண்டு பக்கமும் மகிழ்ந்தார்கள். கடைசியில் குலதெய்வத்தைக் கேட்டார் பெரியவர். அம்மா சொன்னாள். அவர் கையில் இருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்களுக்கும் அதே சாமிதான்" என்றார். "ஒரே சாமின்னா பங்காளி ஆகுது தம்பி. அண்ணன் தங்கச்சிக்குத் தாலி கட்டி வைக்கிற பாவத்த நான் சுமக்க மாட்டேன்."

அம்மா பதறிப்போய்க் கதவுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். "அந்தச் சாமி எங்களுக்குப் பொண்ணு வழியில வந்ததுங்க. எங்க வீட்டுக்காரரோட பாட்டனுக்குப் பாட்டன் வேற ஊர்லேர்ந்து வீட்டோட மாப்பிள்ளையா வந்தவரு. பொண்டாட்டி வீட்டுச் சாமியவே கும்பிட்டுட்டாரு. குடி ஏட்டுல எழுதியிருக்குங்க. என் மாமனார் படிக்க நானே கேட்டிருக்கேன்."

"நீங்க சொல்றத நான் பொய்யுங்கல. ஆனா பொண்ணப் பெத்தவங்க வாய்ச்சொல்ல வச்சு நான் முடிவு பண்ண முடியாது. ஏட்டுல இருந்தா காட்டுங்க. ஆவணி பொறக்கறதுக்குள்ள காட்டினா ஆவணியிலயே கல்யாணம். இல்லேன்னா பினாங்குல ஒரு இடம் சொல்லிக்கிட்டே இருக்காங்க."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வம்சக் கதை எழுதிய அந்தக் குடி ஏடு எங்களிடம் இருந்தது. அப்பா கப்பலில் வரும்போது தகரப்பெட்டியில் சிவப்புத் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒரு முழ நீளம், இரண்டு விரல் அகலம், மொத்தம் ஒன்பது ஓலை. எழுத்தாணியால் கீறி மை தடவிய ஓலை. மற்ற ஓலைகளை ஓரளவு படிக்க முடிந்தது. குடியின் முதல் மனிதனைப் பற்றிச் சொல்லும் மூன்றாவது ஓலையில்தான் ஒன்றுமே இல்லை. மை முழுக்க உதிர்ந்து, கீறல் தேய்ந்து, வைக்கோல் நிறத்தில் வெறும் ஓலை. இந்த ஊர் ஈரமும் பூச்சியும் தகரப்பெட்டிக்குள்ளும் போயிருந்தன.

விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து ஓலையில் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் மை நிற்கும். எல்லோருக்கும் தெரிந்த வழி. ஓரத்தில் ஒரு விரல்கடை அளவுக்குச் செய்து பார்த்தேன். ஓலையின் மேல்தோல் பொரிந்து கிடந்ததால் கரி எல்லா இடத்திலும் ஏறிக்கொண்டது. துடைத்தபோது அந்த விரல்கடை ஓலையே நொறுங்கிக் கையோடு வந்துவிட்டது. அதற்குமேல் தொடப் பயந்துபோனேன்.

கண்ணுக்குத் தெரியாததைப் பிளேட் பார்க்கும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நாங்கள் எடுக்கும் படங்களிலேயே அது உண்டு. நேரில் தெரியாத மங்கல் தழும்பு பிளேட்டில் பளிச்சென்று வந்து நிற்கும். அதை மறைக்கத்தானே எனக்குச் சம்பளம். தழும்பைக் காட்டுகிற பிளேட் எழுத்தைக் காட்டாதா என்று தவுக்கேயிடம் கேட்டேன். அவர் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை நான் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். நல்ல மனிதர். ஓலையில் ஒன்றும் வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

முதல் ஞாயிறு, கண்ணாடிக் கூரையிலிருந்து இறங்கும் வெளிச்சத்தில் எடுத்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை வந்தது. இரண்டாவது ஞாயிறு, கறுப்புத் துணியால் கூரையை மூடிவிட்டு, ஓலைக்குப் பக்கவாட்டில் தாழ்வாக விளக்கை வைத்து எடுத்தேன். கீறல் பள்ளம்தானே, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் பள்ளத்தில் நிழல் விழும் என்பது என் கணக்கு. நிழல் விழத்தான் செய்தது. எழுத்தில் அல்ல, ஓலையின் நரம்புகளில். உழுத வயல் மாதிரி நீளநீளமாக நரம்புக் கோடுகள். அந்தக் கோடுகளுக்குள் எழுத்து எங்காவது இருந்திருந்தால் அதைப் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. விளக்கை உயர்த்தினேன், தாழ்த்தினேன், இடப்பக்கம் வலப்பக்கம் மாற்றினேன். பிளேட் கழுவும் தண்ணீர் சூடாகிவிடாமல் ஐஸ் போட்டுப் போட்டு விரல்கள் மரத்துப்போயின.

வீட்டுக்கு வந்தால் தங்கை ஒன்றும் கேட்கமாட்டாள். சாப்பாடு வைப்பாள். என் முகத்தை ஒரு தரம் பார்ப்பாள். அந்தப் பார்வையைவிட, எழுத்து ஏன் வரவில்லை என்று சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆடிப் பதினெட்டு வந்தது. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா குளித்து, விளக்கேற்றி, பெட்டியைத் திறந்து மூன்றாவது ஓலையை எடுத்திருக்கிறாள். குடியின் முதல் மனிதர் அதில் இருக்கிறார், அவர்தான் இந்தப் பெண்ணுக்கு வழி காட்டவேண்டும் என்று மனமுருகி வேண்டிக்கொண்டு, ஓலை முழுக்க மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டாள். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. சாயங்காலம் நான் வந்து பார்க்கும்போது சாமிப் படத்துக்கு முன்னால் அது தங்கத் தகடு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "ஏம்மா இப்படிக் கெடுத்த" என்று கத்தினேன். பிளேட்டுக்கு மஞ்சள் என்றால் இருட்டு என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், இனி அந்த எழுத்தைக் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது, உன் பெண்ணின் வாழ்க்கையை நீயே பூசி மெழுகிவிட்டாய் என்றெல்லாம் சொன்னேன். பெற்ற தாயை அதற்குமுன் ஒரு சொல் சொன்னவன் இல்லை.

"நல்லது நடக்கணும்னுதானேடா மஞ்ச வச்சேன்" என்றாள் அம்மா. ஈரத் துணியால் ஓலையைத் துடைக்கத் தொடங்கினாள். அழுதுகொண்டே துடைத்தாள். நான் பார்க்கப் பிடிக்காமல் வெளியே போய்விட்டேன்.

ஆவணி பிறக்க இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. எனக்கு வழி எதுவும் தெரியவில்லை. ஒரு வழி தெரிந்தது, அது என் கையிலேயே இருந்தது. முதல் ஞாயிறு எடுத்த சாம்பல் பிளேட் கடையில் சும்மாதான் கிடந்தது. கத்தியால் சுரண்டினால் கறுப்பு. மீசை வரைகிறவனுக்கு எழுத்து வரைய எவ்வளவு நேரம்? மற்ற ஓலைகளைப் பார்த்து அந்தக் கையெழுத்தின் சாய்வையும் சுழிப்பையும் பழகிக்கொண்டேன். அம்மா சொன்ன சேதியைப் பழைய நடையில் இரண்டு வரியாகக் கோத்துக்கொண்டேன். பிளேட்டின் மருந்துப் பக்கத்தில் எழுத்து இடவலம் மாறி இருக்கவேண்டும், அதுவும் எனக்குப் பழக்கம்தான். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் வெளியே போனதும் உட்கார்ந்து சுரண்டத் தொடங்கினேன். அம்மா சொன்னது உண்மைதானே, உண்மையை எழுதுவது எப்படிப் பொய்யாகும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் முடித்துவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிளேட்டைத் தூக்கிப் பிடித்துக் கண்ணாடிப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி இன்னொரு கையில் இருந்தது. பின்னால் யாரோ நிற்பதுபோல் தோன்றித் திரும்பினேன். தங்கை. அடுக்குச் சட்டியில் எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். அவள் கண்கள் பிளேட்டில் இருந்தன. அப்பா அவளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டு வரியையும் அவள் படித்து முடிக்கும்வரை எனக்குக் கையைக் கீழே இறக்கத் தோன்றவில்லை.

"சாப்பிட்டுடுங்கண்ணே, ஆறிடும்" என்றாள். சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலையே அந்தப் பிளேட்டைப் பிரதி எடுக்க முயன்றேன். ஆழமாகச் சுரண்டிய இடத்தில் மருந்துத் தோல் ஈரத்தில் உரிந்து மடங்கிவிட்டது. மறுபடி செய்ய வேறு பிளேட் வேண்டும். அதற்காகத்தான், இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், பொய்யெழுத்துக்கு நல்ல அடித்தளம் வேண்டும் என்பதற்காக மட்டும்தான், ஆடியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அம்மா துடைத்து வைத்த ஓலையை மறுபடி கொண்டுபோய்ப் படம் எடுத்தேன்.

இருட்டறையில் சிவப்பு விளக்குக்கு அடியில் பிளேட்டை மருந்தில் ஆட்டிக்கொண்டிருந்தேன். ஓலையின் வடிவம் எழுந்தது. அதன்மேல் மெல்லிய கீற்றுகள். நரம்பு என்று நினைத்தேன். நரம்பு நேராகப் போகும், இவை வளைந்தன. கொக்கி போட்டன. இடவலம் மாறி ஒரு 'கு' தெரிந்தது. பிறகு ஒரு 'டி'.

அம்மா துடைத்ததில் மேலே இருந்த மஞ்சள் போய்விட்டது. கீறலுக்குள் இறங்கிய மஞ்சள் போகவில்லை. வைக்கோல் நிற ஓலையில் அந்த இளமஞ்சளைக் கண்ணால் பார்க்க வழியே இல்லை. பிளேட்டுக்கு அது இருட்டு. எத்தனையோ பெண்களின் முகத்தைக் கரியாக்கிய அதே இருட்டு இப்போது எழுத்தாக வந்துகொண்டிருந்தது. நான் இருட்டறைச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதுவிட்டேன்.

எழுத்து மங்கலாகத்தான் இருந்தது. ஒரு பிளேட்டின்மேல் இன்னொன்றை ஒட்டவைத்துப் பிரதி எடுத்தால் கறுப்பு கூடக் கறுக்கும், வெளுப்பு கூட வெளுக்கும். அப்படிப் பிரதிக்குப் பிரதி எடுத்துக்கொண்டே போனேன். நாலாவது பிரதியில் எழுத்தைப் படிக்க முடிந்தது. இந்தக் குடியின் முதல்வன் ஆற்றுக்குத் தென்கரை ஊரிலிருந்து வந்து இவ்வூரில் பெண் கொண்டு இங்கேயே இருந்தான், தன் சாமியை விட்டுப் பெண்வீட்டுச் சாமியைக் கும்பிட்டான் என்று இருந்தது. அம்மா சொன்னதுதான். நான் சுரண்டியதும் ஏறக்குறைய அதுதான்.

சுரண்டிய பிளேட்டை அன்றே உடைத்து, துண்டுகளைத் துணியில் முடிந்து, வரும் வழியில் ரோச்சோர் கால்வாயில் போட்டேன். அப்படி ஒன்று இருந்தது என்றே யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தேன். அதைவிட முட்டாள்தனமான காரியத்தை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் ஒரு குழந்தைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் படத்தை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி, சத்தமாக, இரண்டு தடவை படித்தார். இவன் டச்சிங் செய்கிறவன் ஆயிற்றே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நான் என்ன சொல்வேன்? அவர் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நாமதான் மாத்திப் பேசுவோம் தம்பி. படம் பொய் சொல்லாது லா" என்று இந்த ஊர்ப் பேச்சில் அடித்துச் சொன்னார்.

அவருக்குப் பின்னால் சுவரில் அவருடைய படம் மாட்டியிருந்தது. அதில் கழுத்தில் மின்னிய இரட்டை வடச் சங்கிலி என் பென்சில் போட்டது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆவணி இரண்டாம் முகூர்த்தம் என்று அங்கேயே முடிவாயிற்று. மாப்பிள்ளை வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சர்க்கரை எடுக்க ஓடினாள். தங்கை அடுப்படியிலிருந்து வந்து படத்தை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்மா."

அம்மா முதலில் சிரித்தாள். பிறகு கெஞ்சினாள். பிறகு கன்னத்தில் அறைந்தாள். ஏன் என்ற கேள்விக்குத் தங்கையிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது, பிடிக்கவில்லை. எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அம்மா எதிரில் கேட்க வாய் வரவில்லை. மத்தியானம் குழாயடியில் அவள் தனியாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"இது ஓலையில இருந்ததும்மா. நான் எழுதினது இல்ல" என்றேன்.

"அன்னிக்கு ஜன்னல்ல புடிச்சுப் பாத்தீங்களே, நான் படிச்சேன். இதேதான் இருந்துச்சு."

"அது வேற பிளேட்டு. அதை உடைச்சுட்டேன்."

"எதுக்கு உடைச்சீங்க?"

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்க எனக்காக எதையும் செய்வீங்க. அது எனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு. அவர் மேல எனக்கு ஆசை இல்லேன்னு நெனைக்காதீங்க. நெஜமாவே பங்காளியா இருந்தா? பொறக்கற புள்ளைக்கு என்ன ஆகும்? ஒவ்வொரு நாளும் அந்தப் புள்ள முகத்தப் பாத்து நான் பயந்துக்கிட்டே இருக்கணுமா?"

ஓலையைக் கொண்டுவந்து காட்டினேன். வெயிலில் பிடித்து, கண்ணருகே கொண்டுபோய், அவள் உண்மையிலேயே தேடினாள். கண்டுபிடிக்கவேண்டும் என்ற ஆசை அவளுக்கு என்னைவிட அதிகம். "எனக்கு ஒண்ணும் தெரியலையேண்ணே" என்றாள். பிரதி பிளேட்டுகள் நாலையும் கொண்டுவந்து வரிசையாக வைத்தேன். முதலில் லேசாக, பிறகு கொஞ்சம் அழுத்தமாக, பிறகு இன்னும் அழுத்தமாக. அவள் அவற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வரைந்து முடித்த மாதிரியே இருந்தது. எனக்கே அப்படித்தான் தெரிந்தது.

கடைசியில் அவள் கண்ணெதிரிலேயே எடுத்துக் காட்டுகிறேன் என்றேன். இருட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவா போகிறது என்றாள். இருட்டறைக்குள்ளேயே என் பக்கத்தில் நில், என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இரு என்று கெஞ்சினேன். சம்மதித்தாள். அந்த வாரம் முழுக்க நான் பூமியில் நடக்கவில்லை. மஞ்சள் ஈரத்தில் ஓலைக்குப் பூஞ்சை பிடித்துவிடக்கூடாதே என்று, அதை ஜன்னல் விளிம்பில் தினமும் வெயிலில் காயவைத்தேன். கண்ணை இமை காப்பதுபோல் காத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஓலையைப் பலகையில் வைத்ததை, பிளேட்டைப் போட்டதை, மூடியைத் திறந்து மூடியதை, எல்லாம் பார்த்தாள். இருட்டறையில் என்னை ஒட்டி நின்றாள். பிளேட்டை மருந்தில் போட்டேன். கையில் கத்தி இல்லை, பென்சில் இல்லை. ஓலையின் வடிவம் எழுந்தது. ஓரத்தில் நொறுங்கிய விரல்கடை இடம் எழுந்தது. குங்குமப் பொட்டின் கறை எழுந்தது. வேறொன்றும் எழவில்லை. ஆட்டிக்கொண்டே இருந்தேன். பிளேட் முழுக்கக் கறுத்துப்போகும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

மஞ்சள் வெயிலில் வெளுக்கும். தாலிக்கயிறு கட்டிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மஞ்சள் துணியைக் கொடியில் உலர்த்தும் எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தவன்தான் ஒரு வாரம் அதை வெயிலில் வைத்திருந்தேன்.

"வெயில்ல வெளுத்துடுச்சும்மா" என்றேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்குப் புரிந்தது.

"சரிண்ணே" என்றாள். என் தோளைத் தொட்டாள். "போதும், வாங்க போகலாம்."

மறுபடி மஞ்சள் பூசிப் பார்த்தேன். துடைக்கும்போது ஓலை மூன்றாக உடைந்தது. உடைந்த துண்டுகளையும் எடுத்தேன். கீறல் இருந்த மேல்தோல் துணியோடு போய்விட்டிருந்தது. அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிட்டதாகவோ தூங்கியதாகவோ நினைவில்லை. யாராவது ஒருவர் வந்து, நீ செய்யவில்லை என்று எனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டார்களா என்று ஏங்கினேன். சொல்லக்கூடியவர்கள் யாரும் இல்லை. ஏனென்றால் என்னைச் சந்தேகப்பட்டது உலகத்திலேயே அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் படத்தை நம்பினார்கள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. திமிர் பிடித்தவள் என்று பெரியவர் ஏசினார், கேட்டுக்கொண்டாள். படித்த கொழுப்பு என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள், கேட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி என்மேல் திரும்பியிருக்கும். மாப்பிள்ளை ஒரு தரம் வந்து வாசலில் நின்றார். அவள் வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றதை நான்தான் பார்த்தேன். அடுத்த தையில் அவருக்குப் பினாங்கில் கல்யாணம் ஆயிற்று. அம்மா தன் கடைசிவரை மகளின் பிடிவாதத்தைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் உண்மையைச் சொல்லி அம்மாவின் மனதையாவது ஆற்றியிருக்கலாம். சுரண்டிய பிளேட்டின் கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டுமே என்ற பயத்தில் சொல்லவில்லை. அதற்கு எனக்கு மன்னிப்புக் கிடையாது.

தங்கை வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. என்னோடுதான் இருந்தாள், பின்னால் எனக்குப் பிறந்த பிள்ளைகளை வளர்த்தாள். இருவருக்கும் தலை நரைத்த பிறகு ஒரு நாள் காலை, முறத்தில் அரிசி வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. எத்தனையோ வருஷமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அது நெஜமாவே ஓலையில இருந்தது. இப்பவாவது நம்பறியாம்மா?"

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் வருத்தமோ குறையோ இல்லை. என்மேல் இருந்த பிரியம்தான் இருந்தது.

"விடுங்கண்ணே" என்றாள். "எனக்காகத்தானே செஞ்சீங்க. நான் உங்கமேல ஒரு நாளும் கோபப்பட்டதில்ல."